ஆறடி மறுத்தவர்கள்

'ஏன் சார், அவங்கள்ல ஒருத்தர்கூட இதைக் கண்டிக்க மாட்டேங்கறாங்களே?' எங்கே குண்டு வெடித்தாலும் அடையாறு காந்தி நகரில் காலை வாக்கிங் போகிறவர்கள் கேட்கிற கேள்வி. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

2008 நவம்பரில் மும்பைக்குள் புகுந்த பத்துப் பேர் 166 உயிர்களை வாங்கினார்கள். அவர்களில் ஒன்பது பேர் அங்கேயே செத்தார்கள். அந்த உடல்களுக்கு மெரைன் லைன்ஸ் படா கப்ரஸ்தானில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டது, அதை நிர்வகிக்கும் ஜும்மா மசூதி டிரஸ்ட். இப்படிக் கொல்கிறவன் முஸ்லிமே இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். உடல்கள் ஓராண்டுக்கு மேல் ஜே.ஜே. மருத்துவமனை சவக்கிடங்கில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசே எங்கோ ரகசியமாகப் புதைத்துவிட்டு, ஏப்ரலில்தான் வெளியே சொன்னது.

இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இறந்தவரைக் குளிப்பாட்டி, ஜனாஸா தொழுது அடக்கம் செய்வது இஸ்லாத்தில் சமுதாயக் கடமை. சிலர் செய்தால் போதும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் மொத்தமும் குற்றவாளி. குடிகாரனுக்கும் திருடனுக்கும்கூட உண்டு. அதையே 'மாட்டோம்' என்பது பேப்பரில் அறிக்கை விடுகிற சமாசாரம் இல்லை.

அதற்காக, 'மார்க்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை' என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குண்டு வைக்கிறவனும் வசனம்தான் காட்டுகிறான். குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம், ஐந்தாம் வசனம். உடன்படிக்கையை முறித்த எதிரிகளோடு போரிடச் சொல்கிற இடம் அது. அடுத்த வசனத்தையும் படியுங்கள். அந்த எதிரிகளில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, பத்திரமான இடத்தில் கொண்டுபோய் விடு என்கிறது. குண்டு வைக்கிறவனும் சரி, அந்த மதத்தையே திட்டுகிறவரும் சரி, ஐந்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்!

நம்ம கோயமுத்தூருக்கு வாருங்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுகளில் 58 பேரைப் பறிகொடுத்த ஊர். 2022-ல் தீபாவளிக்கு முந்தைய நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் கார் வெடித்தது. சில நாள் கழித்து கோட்டைமேடு ஜமாத்தார்கள் அந்தக் கோயிலுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் உறுத்துகிறது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த மனித வெடிகுண்டும் தமிழ் பேசியவள்தான். அதற்காக நீங்களும் நானும் எந்த வீட்டுக் கதவைத் தட்டி 'நாங்க அப்படியில்லீங்க' என்று சொன்னோம்? இந்த ஊரில் யாரும் நம்மைக் கேட்கக்கூட இல்லை.