கணிப்பவர் கொடுக்கும் விலை

விளையாட்டு ரசிகர்கள் முன்கூட்டிச் சொல்லும் கருத்துகளில் இரண்டு வகை உண்டு. எந்த அணி கடைசிச் சுற்றுகளுக்குள் நுழையும் என்பது ஒன்று. எந்த இளைஞர் எந்த அணிக்குப் போவார், போன இடத்தில் தேறுவாரா என்பது மற்றொன்று. முதல் வகைக் கணிப்பு சில நாள்களிலேயே சரியென்றோ தவறென்றோ தெரிந்துவிடும். இரண்டாவது வகை, இருபது வயதை எட்டாத ஒருவரின் அடுத்த பத்தாண்டுகளைப் பற்றிய தீர்ப்பாகவே நிற்கிறது. இவ்விரண்டையும் ரசிகர்கள் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லிவிடுகிறார்கள் என்பதில்தான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

தேனி மாவட்டம் வடுகபட்டியைச் சேர்ந்த ரசிகருக்கு இப்படிக் கணிக்கும் பழக்கம் தொலைக்காட்சி வழியாக மட்டும் வந்ததன்று. பக்கத்திலுள்ள பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் நடத்திவரும் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, கடற்படை, விமானப்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகளை மின்னொளியில் அவர் கண்முன்னே ஆட வைத்திருக்கிறது. இந்த அணிகளின் பெயர்களிலேயே இந்திய விளையாட்டின் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கல்லூரியில் ஆடும் இளைஞரை வங்கியோ ரயில்வேயோ படைப்பிரிவோ விளையாட்டு ஒதுக்கீட்டில், அதாவது ஊர்வழக்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த வேலை அவருடைய ஆட்டத்துக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துச் சோறு போடுகிறது. ஆகவே கேலரியில் உட்கார்ந்து, ‘இந்தப் பையனை அடுத்த வருஷம் பேங்க் எடுத்துக்கும்’ என்று ஒருவர் சொல்வது, ஆட்டத்தோடு சேர்த்து ஒரு வீட்டின் வருமானத்தைப் பற்றியும் சொல்வதாகிறது.

அமெரிக்காவில் இளைஞர்களை இப்படி அணிகளில் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். கல்லூரி ஆட்டத்தை முடித்து வருபவர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுப்பதும், முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை தருவதும் அதன் அடிப்படை. அமெரிக்கக் கால்பந்தில் 1936 முதல் நடந்துவரும் இந்தத் தேர்வைக் குறித்து ரசிகர்கள் மாதக்கணக்கில் பட்டியல் போட்டு வாதிடுகிறார்கள். அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகக் கூப்பிடப்பட்ட டாம் பிராடிதான் பின்னாளில் ஏழு முறை பட்டம் வென்றார். இந்தியாவிலும் ஐ.பி.எல். தொடங்கிய 2008இல், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய வீரர்களை ஏலம் விடாமல் டிராஃப்ட் முறையில்தான் பிரித்துக் கொடுத்தார்கள். டெல்லி அணி தன் ஊர்ப் பையன்கள் இருவரில் பிரதீப் சங்வானை எடுத்துக்கொண்டது. விராட் கோலி பெங்களூருவுக்குப் போனார். இன்று இதைச் சொல்லிச் சிரிக்காத கிரிக்கெட் ரசிகர் குறைவு. ஆனால் சேவாக், கம்பீர் என மட்டையாளர்கள் நிறைந்திருந்த அணி ஓர் இடக்கை வேகப்பந்து வீச்சாளரைத் தேடியது நியாயமான முடிவுதான். பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு முன்னால் எடுத்த முடிவை எடைபோடுவது கணிப்பாகாது.

இந்த இடத்தில் வடுகபட்டியின் பூண்டு வணிகர் நினைவுக்கு வருகிறார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு உட்படப் பல வகைப் பூண்டுகள் இறங்கும் சந்தையில் அவர் ஒரு பூண்டைக் கையில் எடுத்து, பல் இறுகியிருக்கிறதா, தோல் காய்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். மூட்டைக்குள் ஈரம் இருந்து சரக்கு கெட்டுப்போனால் நட்டம் அவருடையது. தன் கணிப்புக்குத் தானே பணம் கட்டுவதால் அவர் நிதானமாகப் பேசுகிறார். ரசிகருடைய கணிப்புக்கு அப்படி ஒரு கட்டணம் இல்லை. தவறாகச் சொன்னதை அடுத்த வாரமே மறந்துவிடலாம். சரியாகச் சொன்னதை மட்டும் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நட்டமில்லாத கணிப்பு எவ்வளவு எளிதில் ஆளின்மேல் விழும் தீர்ப்பாக மாறுகிறது என்பதற்கு யஷ் தயாள் நல்ல சான்று. 2023 ஏப்ரல் 9 அன்று அகமதாபாத்தில் குஜராத் அணிக்காகக் கடைசி ஓவரை வீசிய அவருடைய ஐந்து பந்துகளைக் கொல்கத்தாவின் ரிங்கு சிங் தொடர்ந்து சிக்சருக்கு விரட்டினார். தயாளின் கதை முடிந்தது என்ற பேச்சு அன்றிரவே பரவிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் பெங்களூரு அணி அவரை ஐந்து கோடி ரூபாய்க்கு வாங்கியபோது அதுவும் கேலிக்குள்ளானது. பிறகு வந்தது 2024 மே 18. அன்று பெங்களூருவும் சென்னையும் மோதிய ஆட்டம், பிளே ஆஃப் எனப்படும் நான்கு அணிகளுக்கான கடைசிச் சுற்றில் எஞ்சியிருந்த ஓர் இடத்துக்கானது. ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து கொடுத்த ஓட்டங்களைக் கழித்துக் கிடைக்கும் நெட் ரன் ரேட் கணக்கின்படி, 219 ஓட்டங்களைத் துரத்திய சென்னை தோற்றாலும் 201ஐத் தொட்டுவிட்டால் உள்ளே போய்விடலாம். கடைசி ஓவருக்கு 17 ஓட்டங்கள் தேவை, பந்து தயாளிடம், எதிரில் தோனி. முதல் பந்தே மைதானத்தைத் தாண்டிப் பறந்தது. முந்தைய ஆண்டு அகமதாபாத்தைப் பார்த்த எவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. அடுத்த பந்தை வேகம் குறைத்து வீசி அவர் தோனியை வீழ்த்தினார்; அந்தப் பந்தையும் சேர்த்து எஞ்சிய ஐந்து பந்துகளில் சென்னைக்குக் கிடைத்தது ஒரே ஓட்டம். ஓராண்டுக்கு முன் அவர் முடிந்துபோனார் என்று சொன்ன வாய்களில் எத்தனை அதை நினைவில் வைத்திருந்து திரும்பப் பெற்றுக்கொண்டன?

விலையும் இப்படித்தான் ரசிகரின் நாவைத் தவறான வழிக்கு இழுக்கிறது. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வாங்கியபோது புரோ கபடி வரலாற்றில் அதுவே உச்சவிலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். பருவம் அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் எண்ணியிருக்க, நரேந்தர் என்னும் புதுமுகம் 243 ரெய்டு புள்ளிகளைக் குவித்தார், தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிவரை போனது. அந்தப் பருவத்தின் மகிழ்ச்சி, கணிப்பு பொய்த்ததால் வந்தது. இதை நன்கு உணர்ந்த ரசிகர் தோற்றுப்போன தன் கணிப்பைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. அதை மறைக்காமல் வைத்திருந்தால் போதும்.

கணிப்பவரின் கையில் அதிகாரமும் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் ஒன்றோடொன்று மோத நேரமில்லாததால், பிளே ஆஃப் சுற்றில் ஆடும் அணிகளை ஒரு குழு கூடித் தேர்ந்தெடுக்கிறது. 2023இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றிருந்தது. ஆயினும் அதன் முதன்மை வீரர் காயம்பட்டிருந்ததால் இனி அந்த அணி முன்போல ஆடாது என்று கருதி, அப்போது நான்கே இடங்கள் இருந்த சுற்றிலிருந்து குழு அதை விலக்கிவைத்தது. அடுத்த ஆண்டே இடங்கள் பன்னிரண்டாக உயர்ந்தது அந்த வீரர்களுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. ஆடி வென்றவர்களை, இனி ஆடினால் தோற்பார்கள் என்ற ஊகத்தின் பேரில் வெளியே நிறுத்தியது பெரும் அநீதி என்பதில் ஐயமில்லை.

தேனி மாவட்டத்து ரசிகருக்கு அப்படிப்பட்ட அதிகாரம் ஏது என்று தோன்றலாம். தன் வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அது இருக்கிறது. தொலைக்காட்சியைப் பார்த்து ‘இவன் தேற மாட்டான்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, பிளஸ் டூ முடித்த அண்ணன் மகனைப் பார்த்தும் அதையே சொல்கிறது: உயரம் போதாது, கோட்டாவெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது, பேசாமல் கடையில் வந்து உட்காரட்டும். யஷ் தயாளின் காதுக்குப் பெரியகுளத்துப் பேச்சு எட்டுவதில்லை. அந்தப் பையனின் காதில் அது சித்தப்பாவின் வார்த்தையாக விழுகிறது, அவன் காலைப் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறான். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங் பதினான்கு வயதில் ஃபுளோரிடாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, 2015இல் என்.பி.ஏ. டிராஃப்டில் 52ஆவது ஆளாக டல்லாஸ் அணியால் எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஆள் அவர்தான். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பிறகு அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனதை வைத்து அவரைத் தோல்வியாக எண்ணுகிறவர்கள், முதலில் அந்தச் சிறுவனை அனுப்பத் துணிந்த வீட்டாரை மறந்துவிடுகிறார்கள்.

வேலைக்கான தேர்வில் அதிகாரிகள் ஓர் இளைஞரைப் பார்ப்பது பெரும்பாலும் சிறிது நேரம்தான். உயரம், ஓட்டம், சில எறிதல்கள், சான்றிதழ்கள் என்று அந்தப் பார்வை முடிந்துவிடும். கோடைக்குக் கோடை கேலரியில் உட்கார்ந்த ரசிகர் பார்த்தவை வேறு: ஆட்டம் கைநழுவும் நேரத்தில் பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் கூட்டாளிக்குக் கொடுத்தவர் யார், நடுவர் தவறாக விசில் ஊதியபோது வாய்திறக்காமல் தற்காப்புக்கு ஓடியவர் யார், சென்ற ஆண்டு இடதுகையால் பந்தைத் தட்டிச் செல்லத் தெரியாமலிருந்து இந்த ஆண்டு கற்றுக்கொண்டு வந்தவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அண்ணன் மகனிடமும் அவன் தகப்பனிடமும் அவர் சொல்லத் தக்கவை இவைதான். அவற்றைச் சொல்லும் வாய்ப்பு இன்று மாலையே அவர் வீட்டு வாசலில் இருக்கிறது.