கூலி பெறும் கருணை

மணப்பேச்சு நடைபெறும் வீட்டில், "பெண் என்ன உத்தியோகம் பார்க்கிறாள்?" என்னும் வினா எழுவது இயல்பு. ஆசிரியை என்றால் முகங்கள் மலரும். வங்கி என்றால் இன்னும் மலரும். சென்ற ஆண்டு செம்பூரில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவ்வினா எழுந்தபோது, சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற அண்ணன் மகள் சற்றும் தயங்காமல், "குடிநோயாளர் மறுவாழ்வு மையத்தில் ஆற்றுப்படுத்துநராகச் சேரப்போகிறேன்" என்றாள். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு விடைபெற்றனர். "நீ சொன்னால் கேட்பாள், எடுத்துச் சொல்" என்று அண்ணன் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

வீட்டில் இரண்டு மறுப்புகள் எழுந்தன. குடிகாரர் நடுவே பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்றார் அண்ணி. அது தாயின் அச்சம். அதற்கு விடை கூறுவது எளிது. எங்கள் பெரியப்பா கூறியதோ வேறு. "தொண்டு என்றால் இலவசமாகச் செய்யட்டும், வேலை என்றால் வேறு வேலை பார்க்கட்டும். அடுத்தவன் வீட்டுக் கண்ணீரில் மாதச் சம்பளம் வாங்குவது என்ன நியாயம்?" இவ்வினா என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

மருத்துவர் ஊதியம் பெறுகிறார். அவரை எவரும் குறை கூறுவதில்லை. அவர் தருவது மருந்து. நம்மால் தர இயலாதது. ஆற்றுப்படுத்துநர் தருவதோ செவியும் சொல்லும் பொறுமையும். இவை உற்றாரும் நண்பரும் விலையின்றித் தரவேண்டியவை, இவற்றை விற்பது முறையன்று என்று நம் மனம் கருதுகிறது. விலையின்றித் தந்தவருள் நானும் ஒருவன். என்ன தந்தேன் என்பதையும் கூறிவிடுகிறேன்.

என் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். நெல்லைச் சீமைக்காரர், தாராவியில் குடியிருந்தார். 'அண்ணாச்சி' என்றே அழைப்பேன். கோப்பில் குறிப்பு எழுதுவதில் அவருக்கு நிகரில்லை. இன்று நான் எழுதும் நடை அவர் கற்பித்தது. திங்கட்கிழமைகளில் அவர் வருவதில்லை. பின்னர் செவ்வாயும் அதனோடு சேர்ந்தது. அவருக்காக விடுப்பு விண்ணப்பங்களை நானே எழுதினேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூட்டுவலி என நோய்களை மாற்றி மாற்றி எழுதுவதில் எனக்கு ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது. பிரிவு அலுவலர் கேட்டால், "இப்போதுதான் தேநீர் அருந்தச் சென்றார்" என்பேன். மகளின் மேற்படிப்புச் செலவுக்கென்று சேமநல நிதியிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தையும் நானே நிரப்பினேன். ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அலுவலகத்தில் என்னை நல்லவன் என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

ஒருநாள் அவர் மனைவி அலுவலக வாயிலில் வந்து நின்றார். "பி.எப். காகிதம் எழுதிக் குடுத்தது நீங்கதானா தம்பி?" என்றார். ஆம் என்றேன். "எந்தக் காலேஜ்ல சேத்திருக்காவ?" என்று கேட்டார். அம்மகளுக்கு அப்போது வயது 11.

அதன்பின் அண்ணாச்சியை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதல் சில நாள்கள் மருத்துவர் பொறுப்பு. நெடுங்காலம் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம் மட்டுமன்று, வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே மருந்தோடுதான் நிறுத்தவேண்டும். அதற்குப் பின்னரே ஆற்றுப்படுத்துநரின் வேலை தொடங்குகிறது. அங்கிருந்தவர் ஒரு மராட்டியர். தாமும் ஒரு காலத்தில் குடித்துக் கெட்டு மீண்டவர். குடும்பத்தாருக்கான அமர்வுக்கு என்னையும் அழைத்தார். நான் எழுதிய விண்ணப்பங்களைப் பற்றிச் சற்றுப் பெருமையாகவே கூறினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இனி எழுதாதீர்கள்" என்றார். அவர் வேலை போய்விடுமே என்றேன். "வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு வந்திருக்கவேண்டும். அதை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்" என்றார். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என் நட்பை எடைபோடுவதா என்று எனக்குச் சினம் மூண்டது. அது தணியப் பல மாதங்கள் ஆயின.

அண்ணாச்சி 14 மாதங்கள் குடியாமல் இருந்தார். கல்லீரல் முன்னரே கெட்டுவிட்டதனால் அதற்குமேல் வாழவில்லை. மயானத்திற்கு அந்த ஆற்றுப்படுத்துநர் வந்திருந்தார். அழவில்லை. ஓரமாக நின்று அண்ணாச்சியின் மகனோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கூலி வாங்கவில்லை என்று சொல்வது உண்மையன்று. நல்லவன் என்னும் பெயரை வாங்கினேன். அப்பெயரை இழக்க மனமின்றியே அண்ணாச்சியிடம் 'முடியாது' என்று ஒருமுறையும் சொல்லாதிருந்தேன். அந்த மராட்டியருக்கோ ஊதியம் வேறிடத்திலிருந்து வந்தது. அண்ணாச்சி அவரை வெறுத்தாலும் அவருக்கு இழப்பில்லை; ஆதலால் அண்ணாச்சிக்கு வேண்டியதை அவரால் சொல்ல முடிந்தது. பெரியப்பாவின் வினாவுக்கு என் விடையின் முதற்பகுதி இது.

ஆயினும் அவ்வினாவை அத்துடன் ஒதுக்கிவிட இயலாது. குடிநோயாளர் தமக்குள் ஒருவருக்கொருவர் உதவும் இயக்கமான ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவரான பில் வில்சன், நியூயார்க்கில் டவுன்ஸ் என்னும் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டவர். 1936இல் அம்மருத்துவமனையின் உரிமையாளர் அவரை அழைத்து, இங்கேயே ஊதியத்துக்கு இப்பணியைச் செய்யலாமே என்றார். வீட்டில் வறுமை, மனைவி ஒரு கடையில் வேலை செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். வில்சன் மகிழ்ந்து அன்றிரவே தம் வீட்டில் கூடிய தோழர்களிடம் செய்தியைக் கூறினார். அவர்கள் ஏற்கவில்லை. ஒருவர் மட்டும் ஊதியம் பெற்றால் நம்மை இணைக்கும் கயிறு அறுந்துவிடும் என்றார்கள். வில்சன் அவ்வேலையை மறுத்துவிட்டார். இன்றளவும் அவ்வியக்கத்தில் ஒருவன் மற்றொருவனுக்குச் செய்யும் உதவிக்குக் கூலி கிடையாது.

எங்கள் பெரியப்பா நியூயார்க்கைக் கண்டவர் அல்லர்; ஆனால் அந்த அறையில் இருந்திருந்தால் அத்தோழர்களின் பக்கமே அமர்ந்திருப்பார். அவர்கள் கூறியது சரியே. ஒரே குழியில் விழுந்தவர் இருவர் கைகோத்து ஏறும்போது, ஒருவன் மற்றவனிடம் கூலி கேட்பது தகாது. ஆனால் குழியின் ஓரத்தில் பகலும் இரவும் ஒருவர் நிற்கவேண்டும், விழுபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டும், அவர் வீட்டாரை அழைத்துப் பேசவேண்டும், போனவர் திரும்பி வரவில்லையெனில் தேடிச் செல்லவேண்டும் என்றால், அது மாலைநேரத் தொண்டினால் முடிவதன்று. அமெரிக்காவிலேயே மினசோட்டா மாநில அரசு 1954இல் குடிநோய் ஆற்றுப்படுத்துநர் என்றொரு பணியிடத்தைத் தன் ஆட்சிப்பணியில் உருவாக்கி, குடித்து மீண்டவர்களை அதில் அமர்த்தியது. ஒரு குமாஸ்தாவாகிய எனக்கு இச்செய்தி பெருவியப்பைத் தந்தது. மனிதன் விழுந்த கதை அவனுடைய பணிப்பதிவேட்டில் கறையாக ஏறுவதையே நான் கண்டிருக்கிறேன். தகுதியாக ஏறியதைக் கண்டதில்லை.

ஆற்றுப்படுத்துநர் என்னும் சொல்லும் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். வறுமையில் உழன்று, வள்ளலைக் கண்டு மீண்ட ஒருவன், தான் இருந்த நிலையிலேயே எதிரே வரும் மற்றொருவனிடம் வழி கூறுவது அதன் இலக்கணம். அறிவுரை கூறுவோன் மேட்டில் நின்று பேசுகிறான். ஆற்றுப்படுத்துவோன் அவ்வழியில் நடந்து வந்தவன். திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது வீண் என்று முன்னதில் கூறியவர், பின்னதில் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்பவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணுகிறார். அந்த நான்காமவனின் பெயரைத்தான் இக்காலம் பணியிடமாக மாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் இப்பணிக்கு வழி திறந்தவர்களும் பெரும்பாலும் அவ்வழியில் நடந்தவர்களே. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்கு 1979இல் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, கணவர் பெயரால் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மும்பையில், பாந்த்ராவில், தாமே குடிநோயிலிருந்து மீண்ட ஜோ பெரேரா என்னும் பாதிரியார் 1981இல் கிருபா அறக்கட்டளையை நிறுவினார். புணேயில் 1986இல் அவசட் தம்பதியர் தொடங்கிய முக்தாங்கணிலும் அங்கு மீண்டவர்கள் பலர் ஊழியர்களாக இருக்கிறார்கள்.

இதில் ஓர் இடர் உண்டு, அதை மறைக்கலாகாது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவனை, குறைந்த கூலிக்குக் கிடைக்கிறான் என்பதற்காக ஊழியனாக்கும் மையங்கள் உள்ளன. அவன் கால் இன்னும் ஊன்றவில்லை. மீண்டும் வழுக்கினால் நலத்தோடு வேலையும் போகும். வெட்கத்தால் வெளியே சொல்லவும் மாட்டான். அது சுரண்டல். அடித்தும் பூட்டியும் திருத்துகிறோம் என்னும் இடங்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. மது, போதைப்பொருள் சார்ந்த நோய்களும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. நோயாளியை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் பதிவுபெற்றிருக்க வேண்டும். பிள்ளையையோ கணவனையோ சேர்க்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது நன்று.

தேவை எவ்வளவு? 2019இல் வெளியான அரசின் நாடளாவிய ஆய்வின்படி ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவர்களுள் 5.7 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையை அடைகிறார். எஞ்சிய 37 பேரும் என்னைப் போன்ற நல்லவர்களின் பொறுப்பில் இருக்கிறார்கள். அரசு உதவிபெறும் மையங்களில் ஆற்றுப்படுத்துநருக்குத் தரப்படுவது மதிப்பூதியம் எனப்படும். இச்சொல்லின் பொருள் எங்கள் இனத்தாருக்கு நன்கு தெரியும். மதிப்பு மிகுந்திருக்கும்; அகவிலைப்படியும் ஓய்வூதியமும் இரா. கண்ணீரில் பிழைக்கிறார்கள் என்று கவலைப்படும் அளவுக்கு அதில் பிழைப்பு இல்லை.

அண்ணன் மகளிடம் நான் இறுதியில் பேசினேன். தடுப்பதற்காக அன்று, அண்ணாச்சியின் கதையைக் கூறினேன். இதுவரை வீட்டில் எவரிடமும் கூறாதது. அவள், "சித்தப்பா, அந்த அண்ணாச்சியின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுவாரம் இருவரும் தாராவிக்குச் சென்று விசாரித்தோம். மகன் கல்யாணில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான், குடிப்பதில்லை. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், இம்முறை மெய்யாகவே கல்லூரியில்.

அண்ணன் மகள் ஆடி கழிந்ததும் பணியில் சேர்ந்தாள். முதல் மாத மதிப்பூதியத்தில் பாட்டிக்கு ஒரு புடவையும் பெரியப்பாவுக்கு ஒரு வேட்டியும் வாங்கி வந்தாள். பெரியப்பா மறுக்கவில்லை, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு அதை உடுத்துவார் என்று எதிர்பார்த்தேன். பழைய வேட்டியிலேயே வந்திருந்தார்.