ஒரு பிடி சாம்பல்

தத்துவம் படிக்க ஆரம்பித்து ஆறு மாசந்தான் ஆகிறது. 'மனித வாழ்வின் நோக்கம் என்ன?' என்ற கேள்வி எனக்குப் புதுசில்லை. எங்க கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சாமி கோயிலும் இருக்கு, சுடுகாடும் இருக்கு. கோயிலில் 'நான் யார்?' என்று கண்மூடி உட்காருவார்கள். சுடுகாட்டில் என் தாத்தா பிணம் எரித்தார்.

கொள்ளி வைத்தவர்கள், "கடைசியில எல்லாரும் ஒரு பிடி சாம்பல்தான்" என்று பெருமூச்சு விடுவார்கள். சொன்ன கையோடு, தாத்தாவைத் தொடாமல் கூலியைத் தரையில் போடுவார்கள். "செத்தா சமம்னு சொல்றானுங்க. உசுரோட இருக்கிற என்னை என்ன பண்றதாம்?" என்பார் தாத்தா.

'நான் யார்?' என்று கேட்க எங்களுக்கு அவகாசமே இருந்ததில்லை. 'நீ யாரு வூட்டுப் புள்ள?' என்று ஊர் முந்திக்கொண்டது. பிறப்பையும் வேலையையும் அதுவே முடிவு செய்தது.

அம்பேத்கர் இறந்த மறு ஆண்டு, 1957இல், ஆங்கிலத்தில் வெளிவந்தது 'புத்தரும் அவர் தம்மமும்'. உலகம் எப்படித் தோன்றியது என்று விளக்குவது மதத்தின் நோக்கம், உலகத்தைத் திருத்தி அமைப்பது தம்மத்தின் நோக்கம் என்கிறார் அதில். தனியாக இருக்கும் ஒருவனுக்குத் தம்மம் தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தால் தேவை என்றும் சொல்கிறார்.

இதைப் படித்தபோது தரையில் கிடந்த அந்தக் கூலிதான் ஞாபகம் வந்தது. வாழ்வின் நோக்கத்தைத் தனியாகக் கண்மூடித் தேட எனக்கு மனசு ஒப்பவில்லை. போட்டவனுக்கும் குனிந்து பொறுக்கிய தாத்தாவுக்கும் நடுவில்தான் தேடணும். நீங்க என்ன சொல்றீங்க தோழர்களே?