ஒரு நாளில் ரோஸ்காமன்

டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ரோஸ்காமனைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. அது கடல் தொடாத கவுண்டி. மோஹர் செங்குத்துப் பாறைகளைப்போல் ஊரறிந்த காட்சி எதுவும் அங்கில்லை. போகிறவர்களும் காலையில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பஞ்ச அருங்காட்சியகம், மதியம் ரத்குரோகன் தொல்மேடுகள், மாலையில் பாயில் மடாலயம் என்று திட்டம் போடுவார்கள். கார் இருந்தால் மூன்றையும் பார்த்துவிடலாம். ஆனாலும் ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஒன்றே போதும் என்பேன். 1847 மே மாதத்தில் அங்கே நடந்த ஒன்றுதான் காரணம்.

உருளைக்கிழங்கு அழுகி, குத்தகை கட்ட வழியில்லாமல் போன 1,490 பேரைக் கனடாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார் நிலக்கிழார் டெனிஸ் மஹோன். ஏழைகள் விடுதியில் ஓராண்டு வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் செலவு ஏறக்குறைய பாதிதான் என்று அவருடைய ஏஜென்ட் கணக்குக் காட்டியிருந்தார். ராயல் கால்வாய்க் கரையோடு டப்ளினுக்கு நடந்தே போனார்கள். கப்பலேறியவர்களில் பலர் கரை சேரவில்லை. அந்த நவம்பரில் மஹோனும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் நடந்த 165 கிலோமீட்டரும் இன்று நடைபாதை. வழிநெடுக முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வெண்கலத்தில் வார்த்த குழந்தைச் செருப்புகள் நிற்கின்றன. பாழடைந்த குடிசைக் கூரையில், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய நிலையில் கிடைத்த 19-ஆம் நூற்றாண்டுச் செருப்பு ஜோடிதான் அவற்றுக்கு மாதிரி.

அந்தக் கட்டுதான் மனதை விட்டுப் போக மறுக்கிறது. ஒற்றைச் செருப்பு தொலைந்துவிடாமல் இருக்கக் கட்டினார்களா, குழந்தை திரும்பி வரும் என்று எடுத்து வைத்தார்களா? கெட்டது அண்டாமலிருக்கச் சுவரிலும் கூரையிலும் பழஞ்செருப்பை ஒளித்து வைக்கும் வழக்கம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உண்டென்று எப்போதோ படித்தது நினைவில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கட்டுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பே இல்லாமலும் போகலாம். இப்படி ஒரு கேள்வியோடு நிற்க அவகாசம் வேண்டும். மூன்று இடத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

அவ்வளவு தூரம் போய் ஒன்றை மட்டும் பார்ப்பது நஷ்டமில்லையா என்று கேட்கலாம். வழியையும் சேர்த்துக்கொண்டால் நஷ்டமில்லை. ஸ்லைகோ ரயில் மல்லிங்கர் வரை பெரும்பாலும் அதே கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. லாங்ஃபோர்டில் இறங்கி ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குச் சாலையில் போகலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே வந்தால், பசியோடு நடந்த தூரம் எவ்வளவு என்று கொஞ்சமாவது உறைக்கும். பிறர் துயரத்தை வேடிக்கை பார்க்கப் போவதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அந்த அருங்காட்சியகமே மஹோனின் பண்ணை வீட்டில் கிடைத்த காகிதங்களிலிருந்து பிறந்தது. 1846-இல் குடியானவர்கள் எழுதிக் கொடுத்த மனுவும் அவற்றில் உண்டு. படிக்கப்பட வேண்டும் என்றுதானே மனு எழுதுகிறார்கள்? தாமதமாகவேனும் போய்ப் படிப்பதில் தவறு காண முடியவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. 1841-இல் இரண்டரை லட்சம் பேருக்குமேல் வாழ்ந்த ரோஸ்காமனில் இன்று சுமார் எழுபதாயிரம் பேர். அவர்களுக்குப் பஞ்சம் மட்டுமா வரலாறு? கொனாட்டின் பழைய அரசிருக்கையான ரத்குரோகனும், மேவ் அரசியின் கதைகளும் அவர்களுடையவைதானே? ஒரு நாளை முழுக்கத் துயரத்துக்கே கொடுத்துவிட்டுத் திரும்புவது அந்த மக்களைக் குறுக்கிப் பார்ப்பதாகாதா? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்றே இப்போதும் சொல்வேன், முன்னளவு உறுதியோடு அல்ல.