பொறுமையின் எல்லை: முகப்பரு குறித்து ஓர் அறநோக்கு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. உவகையும் துயரும் முகக்குறிப்பால் வெளிப்படும் என்ற அளவில் இது மெய்யே. ஆயின், முகத்தின் தோலைக் கொண்டு ஒருவரது ஒழுக்கத்தையும் தூய்மையையும் அளக்கப் புகுவோர் இதற்கு இல்லாத பொருளை ஏற்றுகின்றனர். கடும் முகப்பருவுக்கு ஆளான இளைஞர் பலர் நோயோடு இத்தீர்ப்பையும் சேர்த்தே சுமக்கின்றனர்.

மருத்துவம் கூறுவது வேறு. பருவ வயதில் அந்திரோசன் எனும் ஓமோன்களின் தூண்டலால் நெய்ச்சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்ப்புடைப்பின் வாய் அடைபடுகின்றது. அங்கு வாழும் பற்றீரியா பெருகி அழற்சி உண்டாகின்றது. பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு. அழுக்கோ ஒழுக்கக்கேடோ இதற்குக் காரணமன்று.

“வயதோடு வந்தது வயதோடு போகும்” என்பது மூத்தோர் கூறும் ஆறுதல். இலேசான பருவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பென்சோயில் பரவொட்சைட்டு போன்ற பூச்சு மருந்தை ஒழுங்காகப் பூசி ஏறத்தாழ 12 வாரங்கள் காத்திருத்தல் தகும். ஆனால் அதன் பின்னும் குறையாதபோதும், தோலின் ஆழத்தே நோவுடன் கட்டிகள் தோன்றும்போதும், தழும்பு விழத் தொடங்கும்போதும், மனஞ் சோர்ந்து பிறர் முன் வரவே அஞ்சும்போதும் நிலைமை வேறு. இங்கே காலம் நோயை ஆற்றுவதில்லை. மாறாத வடுவை விட்டுச் செல்கின்றது. காலம் நன்மை செய்யுமிடத்துக் காத்திருத்தலே பொறுமை. அது தீங்கு செய்யுமிடத்துக் காத்திருத்தல் தன்னைத் தானே புறக்கணித்தலாகும்.

அழியும் உடலின் அழகுக்காக வைத்தியரை நாடுதல் அற்பத்தனமன்றோ எனச் சிலர் வினவலாம். பிறரினும் அழகாகத் தோன்ற விழைவது வேறு. பிறரோடு கூசாது அமர விழைவது வேறு. முன்னையது செருக்கு, பின்னையது மனிதமாண்பு. இவ்வேறுபாட்டை உணராதார் நகைப்புக்கு அஞ்சியே சிலர் ஸ்ரெரொயிட் கலந்த பூச்சுகளை மறைவில் வாங்கிப் பூசுகின்றனர். அவை பருவை மேலும் மிகுவிக்கக்கூடியவை.

மருந்தும் பொறுப்பை வேண்டி நிற்பதே. 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோற்றெற்றினோயின் கடும் பருவைத் தணிப்பதில் வலிமை மிக்கது. ஆயினும் கருவுற்றிருக்கும்போது உட்கொண்டால் சிசுவுக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகளை விளைக்க வல்லது. ஆதலின் வைத்தியரின் கண்காணிப்பின்றி அதனை உட்கொள்ளலாகாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கும். உரிய வேளையில் உதவி நாடுதல் நோயுற்றவரின் கடன். அவரை நகையாது, வைத்தியரிடம் செல்லத் துணைநிற்றல் அருகிருப்போரின் கடன். இரண்டாவது தவறுமிடத்து முதலாவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.