மாயமும் பொய்யும்

மாயக் கதைகளைக் கொடுத்துக் குழந்தைகளைப் பொய்க்குப் பழக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான்.

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியில் பிள்ளைகளுக்கு இடும்பன் கதை புதிதல்ல. இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தான், இளைப்பாற இறக்கினான், மறுபடி தூக்க முடியவில்லை. மலையைத் தூக்கியது அற்புதம். சுமந்தவனின் களைப்போ நம் வீட்டுக் களைப்பு. பழனி மலையும் இடும்பன் மலையும் இன்றும் அருகருகே நிற்கின்றன.

2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற, உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலும் இந்த வழியில்தான் செல்கிறது. கீழடிக்குப் போன இக்காலச் சிறுவன் பழங்காலத்து ஆதனைச் சந்திக்கிறான். நடவாத காரியம். ஆனால் ஆதன் என்ற பெயர் கீழடிப் பானையோட்டில் மெய்யாகவே கீறப்பட்டிருக்கிறது.

மாயத்தை மாயமென்று குழந்தை தானே பிரித்தறியும். மற்றவற்றை நம்மை நம்பி ஏற்றுக்கொள்ளும். எழுதுகிறவனின் தர்மம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. ஆதன் எழுந்து வந்து பேசலாம், தவறில்லை. ஓட்டில் இல்லாத எழுத்தை இருப்பதாகச் சொல்லலாகாது. மலை தோளில் ஏறலாம். சுமந்தவனுக்குக் களைப்பே இல்லை என்றால், அதுவே பொய்.