கூண்டுக்கு வெளியே

1952 இல் வெளிவந்த ‘பராசக்தி’யில், கூண்டில் நின்ற குணசேகரனே தன் வழக்கைப் பேசினான். 1993 ஆம் ஆண்டின் உண்மை வழக்கொன்றைத் தழுவி, 2021 இல் த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ படத்திலோ பேசுபவர் வழக்கறிஞர் சந்துரு. கணவனை இழந்த செங்கேணி பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நீதிமன்றப் படங்களின் மரபே இதுதான். வாதத்தின் வெற்றி கதையின் உச்சமாகிறது. காமிராவும் வாதிப்பவர் முகத்தையே நாடுகிறது. அநீதிக்கு ஆளானவருக்கு நம் கண்ணீர் கிடைக்கிறது, பேச்சுரிமை கிடைக்கிறதா?

ஆயினும், அப்படத்தின் தலைசிறந்த காட்சி நீதிமன்றத்துக்கு வெளியேதான் நிகழ்கிறது. மேலிட உத்தரவுக்கு அஞ்சி, வீட்டில் இறக்கிவிடுவதாகப் பொலிசார் கெஞ்சுகின்றனர். செங்கேணி ஏற மறுத்து நடக்கிறாள். ஜீப் அவள் பின்னால் ஊர்கிறது. அந்த நடைக்கு ஈடான வாதம் படத்தில் வேறில்லை என்பேன்.

திம்புள்ளையில் மாணவரிடம் இதைச் சொன்னபோது, தாயின் வேலைநீக்க வழக்குக்குப் போய்வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “அவ நடந்து போனத நீதிபதி பாக்கலியே, சேர்?”